சுக்குட்டிக் கீரையும் நான் சொன்ன பதிலும்

அப்பாவுக்கு வயிற்றில் எரிச்சல் இருந்தது. விடியுமுன்னே மல்லிகைத் தோட்டத்தில் இறங்கிப் பூப் பறித்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு வரும்வரை டீயைத் தவிர வேறெதுவும் தொடமாட்டார். குனிந்து பறித்த இடுப்புவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி, அதையும் அந்த டீயோடுதான் முழுங்குவார். "வயித்தெரிச்சலா இருக்கு" என்று வந்து உட்கார்ந்தால், "ஏன், இன்னைக்கு யாரு பூ நல்ல வெலைக்குப் போச்சாம்?" என்று அம்மா கேலி பேசுவாள்.

மணத்தக்காளியை எங்கள் சாணார்பட்டிப் பக்கம் சுக்குட்டி என்போம். வயிற்றுப்புண்ணுக்கு அது நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் போனில் தேடிப் படித்தேன். முட்டைக்கோஸ் சாறு, அதிமதுரம் என்று என்னென்னவோ இருந்தது, சுக்குட்டியும் இருந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். "ஆமா, போட்டிருக்கு" என்று நான் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. வாய்க்கால் ஓரம் தானாக முளைத்துக் கிடந்ததை அம்மா கிள்ளி வந்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாறு வைத்தாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. கறுத்துப் பழுத்த பழத்தை அப்பா வரப்பிலேயே நின்று பறித்துத் தின்பார். "மருந்துன்னா இப்படில்ல இனிக்கணும்" என்று சிரிப்பார்.

ஒருநாள் என்னை மோட்டார் ரூம் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். கூச்சத்தோடு, "அப்பு, வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது. தார் கணக்கா" என்றார்.

"பழமாத் திங்கிறல்லப்பா, அதான். கறுப்புப் பழம் கறுப்பாத்தான போகும்?"

"அதான பாத்தேன்" என்றார். முகம் தெளிந்து போனார்.

பத்து நாள் இருக்கும். பூ மூட்டையை இறக்கும்போது மார்க்கெட்டிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, "மலம் கறுப்பாப் போச்சா?" என்றுதான். ஆமாம் என்றேன். பழம் என்று சொல்ல வாயெடுத்து அப்படியே நிறுத்திக்கொண்டேன். புண்ணில் கசியும் ரத்தம்தான் அப்படிக் கறுத்துப் போகுமாம். வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரை புண்ணை ஆறவே விடவில்லையாம். "அப்பவே கூட்டி வந்திருந்தா…" என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், அம்மா வாய்க்கால் ஓரச் சுக்குட்டியை எல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். "நான் ஆக்கிப் போட்ட கீரைதான அப்பு அவரக் கொண்டுபோச்சு?"

மண் ஒட்டியிருந்த கையைப் பிடித்து நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஒன்றும் செய்யவில்லை. அப்பா என்னிடம் கேட்டார், நான்தான் பழம் என்றேன்.

அம்மா பிடுங்கிய செடியைக் கீழே போட்டாள். பிறகு, "ஒனக்கு எப்படிய்யா தெரியும்? நீ என்ன டாக்டருக்கா படிச்ச?" என்றாள்.

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் அன்றைக்கு மோட்டார் ரூம் பக்கத்தில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதைத்தான். எனக்குத் தெரியலப்பா, வா, டாக்டர்ட்ட போவோம் என்று.