பஸ்ஸில் நடந்த நேர்முகத் தேர்வு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் வாழும் மலை அணில்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வை முடித்திருந்தேன். ஐந்து வருடம் அணில்களையே பார்த்தவளுக்கு மனிதர்களிடம் பேச வரவில்லை. இரண்டு நேர்முகத் தேர்வுகளில் திக்கித் திணறித் திரும்பியிருந்தேன்.

மூன்றாவது தேர்வு ராஜபாளையத்தில், ஒரு கல்லூரியில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்த ஆங்கிலப் பதில்களை முணுமுணுத்தேன். யாரோ என் நெற்றியில் திருநீறு பூசினார்கள்.

பக்கத்தில் மாங்காய்க் கூடையோடு இருந்த அக்காதான். "பயப்படாத தாயி. எந்த ஊர்ப் பேய் பிடிச்சிருக்கு?"

"பேய் இல்லக்கா, இன்டர்வியூ," என்று சொல்லி, அணில் ஆய்வையும் விளக்கினேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க தோப்பு மாங்காயத் திங்குதே, அதுவா? அது ஏன் கீழயே இறங்க மாட்டேங்கு?"

"கிளையும் கிளையும் சேந்திருந்தா மேலயே தாவிப் போயிரும்க்கா. நடுவுல ரெண்டு மரத்த வெட்டிட்டா தரையில இறங்கணும். இறங்குனா நாய் புடிச்சிரும்."

முன் இருக்கைக்காரர்களும் திரும்பிக் கேள்வி கேட்டார்கள். ராஜபாளையம் வரும்வரை நான் ஒருமுறைகூடத் திக்கவில்லை.

கல்லூரியில் ஆய்வைப் பற்றிக் கேட்டதும் மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துவிட்டது. அக்காவிடம் சொன்னதையே தமிழில் சொன்னேன், நாய் உட்பட. சிரித்தார்கள், வேலையும் கொடுத்தார்கள்.

அந்த அணில்களோடு தோப்பைப் பங்குபோட்டு வாழ்கிறவர்களிடம் ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட நான் பேசியதில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.