சிவப்புக் கோடு ஒன்றா, இரண்டா

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு. மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் அன்று மாலை பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பள்ளியில் பாடிய பாட்டை வானொலிக்காரர்கள் பதிவு செய்து கொண்டுபோயிருந்தார்கள். ஆறே காலுக்குச் சிறுவர் நிகழ்ச்சியில் அது வரும், ஒரே ஒரு தடவை. தன் குரலை அக்கா அதுவரை ஒலிப்பதிவில் கேட்டதில்லை. பட்டுப் பாவாடை கட்டி, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி அசையாமல் காத்திருந்தாள்.

அதே ஆறே காலைத்தான் மாமாவும் தேர்ந்தெடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தார். பண்டார் ஹிலிரில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. விடுமுறைக்கு அங்கிருந்து ஒரு மின்சுருளை இரவல் வாங்கி வந்திருந்தார். கார் பேட்டரியில் இணைத்தால் அது இரைந்துகொண்டே ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கக்கும். ஹைட்ரஜன் அடைத்த கண்ணாடிக் குழாயில் அதைச் செலுத்தினால் குழாய் ஒளிரும். முப்பட்டகம் பொருத்திய அட்டைக்குழாய் வழியாகப் பார்த்தால் அந்த ஒளி தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். மின்புலம் மிகப் பலமாக இருந்தால் அணுவே நிலைகுலைந்து, ஒரு கோடு பலவாகப் பிரியுமாம். எதிலோ படித்திருக்கிறார். அதை எங்கள் பின்னறையிலேயே பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம்.

ஜன்னலைப் போர்வையால் மூடி, கதவைத் தாழிட்டு, என்னை முக்காலியில் உட்கார வைத்தார். பாட்டுக்கு முன் விட்டுவிடுவதாகச் சொன்னார். எனக்கு ஒன்பது வயது, நம்பினேன்.

சுருள் இரைந்தது. அதே கணம் முன்கூடத்தில் வானொலி கரகரவென்று கத்தத் தொடங்கியது. தலைமுறைகளாக மலாயே பேசித் தமிழை மறந்த மலாக்காச் செட்டிகளில் ஒருவரான எதிர்வீட்டு அம்மாள், "ரேடியோ ரோசாக்கா?" என்று மலாயில் கேட்டது காதில் விழுந்தது. கெட்டுப்போகவில்லை என்று காட்ட அப்பா பெட்டியின் தலையில் தட்டினார். பிறகு ஏரியலைப் பார்க்க ஏணியை இழுத்தார்.

"மாமா, ரேடியோ கத்துது. அக்கா பாட்டு..."

"அது ஏரியல் கோளாறு. கண்ண எடுக்காத. செவப்புக் கோடு ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்."

கம்பிகளைச் சரிசெய்ய மாமா சுருளை நிறுத்தினார். அக்காவின் குரல் அரை வரி தெளிவாகக் கேட்டது. மறுபடி முடுக்கினார், கரகரப்பு. இப்படி ஐந்து முறை. ஐந்து முறையும் ஒன்று என்றே சொன்னேன். கோளாறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. அணுவைப் பிளக்க நினைத்தவருக்குப் புரியவில்லை.

அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. கதவு அதிர்ந்தது. "டேய் தம்பி! அந்தச் சனியன நிறுத்துறியா, கதவ ஒடைக்கட்டுமா?"

"ஒரே ஒரு நிமிஷம்க்கா!"

"ரெண்டு மாமா," என்றேன். "ரெண்டாப் பிரிஞ்சிருச்சு."

உடனே நிறுத்தினார். அந்தச் சுத்தமான அமைதியில் அறிவிப்பாளர் அடுத்த சிறுமியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து போய்ப் பாவாடையை மாற்றிக்கொண்டாள். மாமாவோடு ஒரு வாரம் பேசவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த என்னோடு இரண்டு வாரம்.

மாமாவோ தன் குறிப்பேட்டில் "பிரிந்தது" என்று எழுதி, சாட்சியாக என் பெயரையும் எழுதினார். அந்தச் சுருளின் பலத்துக்கு எங்கள் அட்டைக்குழாயில் எதுவும் பிரிந்து தெரிந்திருக்காது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன்.

தானே பார்க்காமல் என்னை ஏன் பார்க்கச் சொன்னார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. ஆசைப்படுகிறவனின் கண் இல்லாததையும் பார்த்துவிடும் என்று பயந்திருக்கிறார். அதனால்தான், கோடு ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன என்றிருக்கும் ஒரு குழந்தையைத் தேடியிருக்கிறார். அன்று மாலை அந்த வீட்டில் அப்படி ஒரு குழந்தை இல்லை.