கோமதி மேடத்தின் ஒரு வருடச் சம்மதம்

கோமதி மேடம் இறந்த செய்தி ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வந்தது. பதினோரு மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்தரை மணிக்கு அவர் குடியிருப்பிலேயே வசிக்கும் சக ஊழியர் போன் செய்தார். "உங்ககிட்ட வரத்தான் கிளம்பியிருக்காங்க. லிஃப்ட் பக்கத்துலயே விழுந்துட்டாங்க. மாரடைப்பு."

டெல்லி மயூர் விஹாரில் வசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர், திருமணம் செய்துகொள்ளாதவர், குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பவர். சண்டைக்காரி என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அவரைத் தெரிந்தது வேறு இடத்தில். அவருடைய வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்த ஆடிட்டரிடம் நான் உதவியாளர்.

ஒருவருடைய வரி விவரங்களை நாங்கள் பார்க்க வேண்டுமென்றால் அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மற்றவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மேடம் மட்டும் ‘எல்லா வருடங்களுக்கும்’ என்ற வரியை அடித்துவிட்டு, அந்த ஒரு வருடத்தைக் கையால் எழுதுவார்.

"ஒரே தடவையா குடுத்துடுங்களேன் மேடம். வருஷா வருஷம் எதுக்கு அலைச்சல்?" என்று ஆடிட்டர் சார் ஒருமுறை கேட்டார்.

"அலையுதது நான்தானே சார்? வருசத்துக்கு ஒரு தடவை நீங்க என்கிட்ட கேக்கணும். ஒரேயடியா சரின்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் யாரு கேக்கப் போறா?"

முப்பது வருட டெல்லி வாசம் அவருடைய திருநெல்வேலித் தமிழை ஒன்றும் செய்துவிடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் ஒரு தவறு செய்தேன். மேடத்தின் தம்பி வந்து, "அக்காதான் அனுப்பினா, பேட்டா. போன வருசக் கணக்குல ஒரு காப்பி வேணுமாம்" என்றார். ‘பேட்டா’ என்றால் இந்தியில் பிள்ளை; டெல்லியில் பெரியவர்கள் சின்னவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பெரியவர்கள் ஒரு தாளைக் கேட்டால் எங்கள் வீட்டில் கொடுத்துவிடுவோம். யாராவது ஒரு தாளை நீட்டினால் அம்மா பெருவிரலை வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. பிரதி எடுத்து, கவரில் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு டீயும் வரவழைத்தேன்.

மறு வாரம் மேடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. தான் கையெழுத்திட்ட தாளை எடுத்து வரச் சொன்னார்.

"இதுல யாரு பேரு இருக்கு?"

"நம்ம ஆபீஸ் பேரு, மேடம்."

"என் தம்பி பேரு?"

"இல்ல, மேடம்."

"அப்போ யாரு பொருளை யாருக்கு எடுத்துக் குடுத்த?"

ஆடிட்டர் சார் நடுவில் வந்தார். "சின்னப் பொண்ணு, மேடம். அதோட சொந்தத் தம்பிதானே?"

"ரத்தம் கேட்டான்னா குடுக்குதேன் சார். இதைக் குடுக்க மாட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து சம்மதத்தை ரத்து செய்து கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பிரதியால் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது பின்னால் எனக்குத் தெரிய வந்தது. அதை இங்கே எழுதமாட்டேன்.

அந்த வருடம் தன் கணக்கைத் தானே தாக்கல் செய்தார். அடுத்த ஜூலையில் திரும்பி வந்தார். நேராக என் மேசைக்கு வந்து, "இந்த வருசம் நீதான் பாக்கணும்" என்றார்.

"நானா மேடம்?"

"நீ ஒரு தடவை தப்பு பண்ணிட்ட. வேற ஆளுகிட்ட போனா, அவ இனிமேதான் பண்ணணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகு ஆறு வருடங்கள் அவருடைய கோப்பை என்னைத் தவிர யாரும் தொடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தம்பி வந்தார். எல்லா வருடங்களின் பிரதியும் வேண்டும் என்றார். "அவளே போயிட்டா. இனிமே யாருக்கு பேட்டா ரகசியம்?"

ஆடிட்டர் சார் என்னைப் பார்த்தார். தம்பியின் குடும்பத்தில் நான்கு பேர் எங்களிடம்தான் கணக்குக் கொடுக்கிறார்கள். "குடுத்து அனுப்பிடும்மா" என்றார்.

"நான் குடுக்க மாட்டேன், சார்."

தம்பியிடம் திரும்பினேன். "வாரிசுன்னு முறைப்படி பதிவு பண்ணுங்க, அங்கிள். சட்டம் உங்களுக்கு எதைக் காட்டுதோ அதை நீங்களே பாத்துக்கலாம். என் கையால வராது."

"எங்க வீட்டு விசயத்தை எங்களுக்கே காட்ட மாட்டியோ?"

"உங்க வீட்டு விசயம் இல்ல, அங்கிள். அவங்க விசயம்."

அவர் ஆடிட்டர் சாரிடம் திரும்பி, "இவளா நானா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். சார் பேனாவை மூடி வைத்தார். பிறகு என்னிடம், "வாரிசுப் பதிவுக்கு என்னென்ன காகிதம் வேணும்னு அவருக்கு எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். தம்பி அதை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். அந்த நான்கு கோப்புகளும் இந்த மாதம் வேறு அலுவலகத்துக்குப் போயின. அடுத்த மாதம் எனக்கு இந்த வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

மேடத்துக்காக நீங்கள் நடத்திய இரங்கல் கூட்டத்தன்று உங்களில் சிலர் என்னைத் தனியே அழைத்துப் பரிவோடு பேசினீர்கள். குடும்பத்தை அவமதிக்கிறேன் என்றீர்கள். செத்துப்போனவளுக்கு எதற்கு ஒளிவுமறைவு என்றீர்கள். அன்று வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் எனக்குப் பேச வராது. எழுத வரும். என் பதில் அன்றும் ‘மாட்டேன்’தான், இன்றும் ‘மாட்டேன்’தான். மறைக்கும்படி அதில் ஏதோ இருக்கிறது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இருக்கிறதா இல்லையா என்பதையும் சொல்லமாட்டேன்.

கோமதி மேடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் உங்களிடம் சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டேன். மீதியை அவர் என்னை மட்டும் பார்க்கச் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.