அமரவிளை வெல்டர்

என் மகள் வீட்டுக் கொட்டகையில் கட்டிய பந்தயக் காருக்கு, சக்கரங்களைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களை இரும்புக் குழாயில் செய்தவர் அமரவிளையில் ஒரு வெல்டர். ஒல்லியான மனிதர், புருவங்கள் பொறி பட்டுக் கருகியிருக்கும். எதைச் செய்தாலும் ஒன்று கூடுதலாகச் செய்து, வைஸில் இறுக்கி, ஒடியும்வரை சம்மட்டியால் அடிப்பார். வெல்டிங்கில் ஒடிந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்வார். வெல்டிங் தாங்கி, குழாய் ஒடிந்தால்தான் மற்றவற்றைக் கொடுப்பார்.

மகள் ஓட்டப்போகும் வேகத்தை நினைத்து எனக்குத் தூக்கமே போயிருந்தது. ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் அவரிடம் போனேன்.

"அண்ணே, ஒரு வெல்டிங்க மட்டும் கொஞ்சம் மோசமா வச்சிருங்க. வண்டி சரியாவல்லன்னு அவளே விட்டிருவா."

அவர் எழுதுவதற்குச் சாக்பீஸை எடுத்தார்.

"வைக்கலாம் சாரே. ஆனா நிக்கும்போ ஒடியாது, ஓடும்போ ஆக்கும் ஒடியும். எந்த ஸ்பீடுல ஒடியணும்?"

முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. நான் பட்டறையை விட்டிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே ஓடிப்போய், "அண்ணே, அப்படி ஒண்ணும் செஞ்சிராதீங்க" என்றேன்.

"நீங்க ஸ்பீடு ஒண்ணும் சொல்லல்லியே சாரே" என்றபடி முகமூடியை இறக்கிக்கொண்டார்.

சொல்லியிருந்தால் செய்திருப்பாரா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.