முன்மொழியப்படாத தீர்மானம்

என் மகள் இந்த ஊரிலேயே இருப்பாளா, பிரான்சுக்குப் போய்விடுவாளா என்பது சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், புதுவைச் சட்டப் பேரவையில் தெரியவேண்டியிருந்தது.

அவளும் அவளுடைய துணைவியும் நெல்லித்தோப்பில் என் வீட்டு மாடியில் எட்டாண்டுகளாக வாழ்ந்துவந்தார்கள். மகளுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்து ஆலையில் தர ஆய்வுப் பணி. துணைவி குருசுக்குப்பத்துப் பெண். வீடு வீடாகச் சென்று பிரெஞ்சு மொழி கற்பிப்பவள். அவளுடைய பாட்டனார் பிரெஞ்சுப் படையில் இருந்தவர் என்பதால் அந்தக் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை உடையது. என்னை அவள் 'மாமா' என்று அழைப்பாள். முதல் ஈராண்டுகள் அந்த அழைப்பு எனக்கு உறுத்தலாக இருந்தது; பிறகு பழகிவிட்டது. தெருவில் யாரேனும் கேட்டால் 'மகளின் தோழி' என்பேன். தெருவும் அதற்குமேல் கேட்டதில்லை. கேளாமல் விட்டதற்காக நான் தெருவுக்கு உள்ளூர நன்றி செலுத்திவந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருபால் இணையரின் திருமணத்தை ஏற்பது நீதிமன்றத்தின் வேலையன்று, சட்டம் இயற்றும் மன்றங்களின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, இவ்விருவரும் வேறு சிலரும் சேர்ந்து எங்கள் பேரவை உறுப்பினர் ஒருவரை அணுகினார்கள். இளையவர், வழக்கறிஞர், முதன்முறை வென்றவர். நடுவண் அரசு திருமணச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தனி உறுப்பினர் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவர அவர் இசைந்தார். வரைவை மட்டும் நல்ல தமிழில் எழுதித் தரச் சொன்னார். மகள் அதை என்னிடம் கொண்டுவந்தாள். அவள் என் மகள் என்பது அவருக்குத் தெரியாது. பேரவைச் செயலகத்தில் முப்பதாண்டுகள் அவைக் குறிப்பாளனாகப் பணியாற்றியவன் நான். விதிகளும் மரபுகளும் எனக்கு மனப்பாடம்.

அன்று உணவின்போது அவர்களிடம் நிலைமையை விளக்கினேன். ஆளும் தரப்பு எதிர்க்காது, எழுந்து நிற்கவும் செய்யாது. எதிர்த்தரப்பில் சிலர் தாழ்வாரத்தில் ஆதரிப்பார்கள், அவைக்குள் ஆதரிக்க மாட்டார்கள். நியமன உறுப்பினர்கள் தில்லியின் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருகால் நிறைவேறினாலும் அது வேண்டுகோளேயன்றிச் சட்டம் ஆகாது. நாம் மாநிலமல்ல, ஒன்றிய ஆட்சிப்பகுதி. மாநிலத் தகுதி கேட்டே இந்த அவை பலமுறை தீர்மானம் அனுப்பியிருக்கிறது.

"அதுக்கே இன்னும் பதில் வரல" என்றாள் துணைவி. "எங்களுது அதுக்குப் பின்னாடி வரிசைல நிக்கணுமா மாமா?"

"நிற்கத்தான் வேண்டும்."

"எத்தன வருசம்னு சொன்னா நான் ஒரு ஸ்டூல் எடுத்துட்டுப் போறேன்."

மகள் சிரிக்கவில்லை. "சட்டம் வரும்னு நான் நம்பலப்பா" என்றாள். "அந்த அவையில யாராவது ஒருத்தர் எழுந்து எங்களப் பத்தி ஒரு வாட்டி பேசட்டும். தோத்துப் போவட்டும், பரவால்ல. பேசக்கூட ஆளில்லாத ஊர்ல நான் எதுக்கு இருக்கணும்?"

துணைவியின் அண்ணன் பாரிசுக்கு அருகில் இருந்தார். அவர் முயற்சியில் அங்கே ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாத இறுதிக்குள் விடை சொல்ல வேண்டும். அந்த ஊர் மேரியில் இருவரும் மணந்துகொள்ளலாம். நகராட்சி மன்றத்தை 'மேரி' என்றே வழங்கும் பழக்கம் இங்கும் உண்டு. குருசுக்குப்பத்தில் அவளுடைய தாய் இரண்டு பெட்டிகளை வாங்கி வைத்தே விட்டார். ஆனால் விடை சொல்வதை மகள் அந்த வெள்ளிக்கிழமைவரை தள்ளி வைத்தாள்.

வரைவை மூன்று மாலைகளில் எழுதி முடித்தேன். பூசகரும் வேள்வித் தீயும் இன்றி, மாலை மாற்றிக்கொள்வதையே திருமணமாக ஏற்கும் திருத்தத்தை இந்த அவை முன்னரே இயற்றியிருக்கிறது என்பதை அதில் எடுத்துக்காட்டினேன். நானும் என் மறைந்த மனைவியும் அம்முறையில் மணந்தவர்களே. அந்த நாளில் எங்களையும் 'இதெல்லாம் ஒரு கல்யாணமா' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பத்தியை மகள் இருமுறை படித்தாள். "அம்மா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். வரைவில் என் பெயர் இருக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டபோது அவள் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் முகம் சற்றே மாறியது.

வியாழக்கிழமை பிற்பகல் அந்த உறுப்பினர் தொலைபேசியில் அழைத்தார். புதிய உறுப்பினர்களுக்கு நான் விதி வகுப்பு எடுத்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஐயம் கேட்பது வழக்கம்.

"ஐயா, இது உங்க எழுத்துதானே? மால மாத்துற அந்தப் பத்தியப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்."

"ஆம், நான்தான் எழுதினேன்."

"இந்த வயசுல உங்களுக்கு ஏங்கய்யா இந்த வம்பு? யாராவது தெரிஞ்சவங்களா?"

"கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்."

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "தொகுதில ஒரே கிண்டல்ங்கய்யா. மீன் மார்க்கெட்ல ஒரு அம்மா கூடையக் கீழ வெச்சிட்டுக் கேக்குது, இன்னா தம்பி, ஆம்பளக்கி ஆம்பளயக் கட்டி வெக்கப் போறியாமே, எம்புள்ளைக்கும் ஒண்ணு பாருன்னு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. பேசினா ஊரு திட்டும். வாபஸ் வாங்கினா அந்தப் புள்ளைங்க திட்டும்."

"முடிவு உங்களுடையது."

"சும்மா ஒரு சந்தேகம் ஐயா. பேர் கூப்பிடுறப்ப நான் உள்ள இல்லன்னா இன்னா ஆவும்?"

விதியைச் சொன்னேன். அவைத் தலைவர் மீண்டும் ஒருமுறை அழைப்பார். அப்போதும் உறுப்பினர் இல்லையெனில் தீர்மானம் முன்மொழியப்படாததாகக் கருதப்படும். காரணம் கேட்கும் வழக்கமில்லை. தீர்மானத்தின் வாசகமும் அவைக் குறிப்பில் ஏறாது.

"ஒண்ணுமே ஏறாதா?"

"வரிசை எண் மட்டும் இருக்கும்."

"உங்களக் கேட்டா கரெக்டா இருக்கும்னு தெரியும்ங்கய்யா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முப்பதாண்டுகள் எந்தத் தரப்பினர் விதி கேட்டாலும் நான் ஒளிக்காமல் சொன்னவன். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன் என்று அன்று மாலைவரை எனக்கு நானே கூறிக்கொண்டேன். அது பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. 'யாராவது தெரிஞ்சவங்களா' என்று அவர் கேட்டபோது, 'என் மகள்' என்று சொல்லியிருந்தால் அவருக்கு அடுத்த கேள்வி எழுந்திருக்காது. அவர் என்னிடம் மதிப்பு உடையவர்; என் முகத்துக்காகவேனும் ஐந்து நிமிடம் எழுந்து நின்றிருப்பார். நான் நடந்து தேய்ந்த அந்தத் தாழ்வாரங்களில் அச்செய்தி என் பெயரோடு சேர்ந்து நடமாடுவதை நான் விரும்பவில்லை. பேரவைக் காவலர்களும் எழுத்தர்களும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அஞ்சினேன். மாடியிலிருந்து இறங்கிவந்து துணைவி தேநீர் கொடுத்தாள். யார் அழைத்தது என்று கேட்டாள். "பழைய அலுவலக வேலை" என்றேன்.

மறுநாள் மூவரும் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்தோம். மகள் விடுப்பு எடுத்திருந்தாள். தாயின் பட்டுச் சேலையை உடுத்தியிருந்தாள். தீர்மானங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேருந்துத் தடம் ஒன்றைப் பற்றி ஒருவர் நெடுநேரம் பேசினார். கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு இன்னொருவர். எங்கள் உறுப்பினரின் இருக்கையில் அவருடைய தாள்களும் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தன. அவரில்லை.

அவைத் தலைவர் பெயரை அழைத்தார். தாள்களைப் புரட்டிவிட்டு மீண்டும் அழைத்தார்.

"காது குத்துக்குப் போயிருக்காருங்க" என்று கீழே ஒரு குரல் கேட்டது. "யாருக்கு?" என்றது இன்னொரு குரல். சிலர் சிரித்தார்கள். அவைத் தலைவர் அடுத்த வரிசை எண்ணைப் படித்தார்.

துணைவி மாடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த வெற்று இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இருக்கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் முகத்தில் வியப்பு இல்லை என்பதை அவள் கண்டுகொண்டாள் என்பது எனக்கும் அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

வெளியே வந்து, பேரவைக்கு எதிரே உள்ள பூங்காவின் வேலி ஓரமாக நடந்தபோது அவள் கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

நடந்ததைச் சொன்னேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

"அவர் சட்டத்தத்தானேடி சொன்னாரு" என்றாள் துணைவி. "கேட்டவங்களுக்கு மாமா பதில் சொல்லாம இருந்திருக்காரா? அச்சடிச்ச மாதிரி சொல்லிடுவாரு."

"சட்டத்தச் சொன்னாரு. சரி. என்னப் பத்தி இன்னா சொன்னாருன்னு கேளு."

துணைவி என்னைப் பார்த்தாள். நான் பூங்கா வேலியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் கையிலிருந்த தண்ணீர்க் குப்பியை வாங்கி மகளிடம் கொடுத்தாள். மகள் குடிக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

அன்றிரவே பிரான்சுக்கு விடை போய்விட்டது. அடுத்த சில வாரங்கள் அவள் என்னிடம் கோபமாக நடந்துகொள்ளவில்லை. மருந்து எடுத்துக்கொண்டேனா என்று கேட்டாள். சமையல் எரிவளி உருளைக்குப் பதிவு செய்யக் கைப்பேசியில் கற்றுக்கொடுத்தாள். அந்தப் பணிவிடைகளில் ஒரு விருந்தினரிடம் காட்டும் கவனம் இருந்தது. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அங்கே மணம் புரிவதற்கு, அவள் திருமணம் ஆகாதவள் என்று தந்தை நோட்டரி முன்னிலையில் உறுதிமொழி தரவேண்டியிருந்தது. நீதிமன்றத்துக்கு அருகே ஒரு நோட்டரியின் அறைக்கு இருவரும் போனோம். தட்டச்சர் எனக்கு நெடுநாள் பழக்கம். பேரவைக்கும் அவர் தட்டச்சு செய்து தந்ததுண்டு. விசிப்பலகையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"பாப்பாவுக்கா ஐயா? ரொம்ப சந்தோசம். ஃபாரின் மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளை இல்லை. பெண்."

விசிப்பலகையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தட்டச்சர் விசைப் பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"நம்ம வீட்டு மாடில இருக்குமே, அந்தப் பொண்ணா?"

"அவள்தான். எட்டாண்டுகளாக இருவரும் இணைந்து வாழ்கிறார்கள்."

அவர் என்னை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "ஐயா, காரணம்னு கேக்குற எடத்துல 'வெளிநாட்டுல திருமணம்'னு போட்டாப் போதும். செல்லும். வேற ஒண்ணும் தெரிய வேணாம். சுத்தமா முடிச்சிடலாம்."

மகள் வாயிற்படியருகே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்" என்றேன். "நான் சொல்வதை அப்படியே அடியுங்கள்."

என் மகள், இன்னாரின் பேத்தியான இன்ன பெண்ணை, பிரெஞ்சுச் சட்டப்படி, என் முழு இசைவுடன் மணந்துகொள்ளும் பொருட்டு இவ்வுறுதிமொழியை அளிக்கிறேன் என்று சொல்லச் சொல்ல அவர் அடித்தார். உறுதிமொழியை அளிப்பவரே உரக்கப் படிக்க வேண்டும் என்பது அந்த நோட்டரியின் வழக்கம். எழுந்து நின்று படித்தேன். விசிப்பலகையில் ஒருவர் இருமினார். நோட்டரி முத்திரை இட்டார்.

தாளை மகளிடம் கொடுத்தேன். நின்றபடியே அவள் அதை முழுவதும் படித்தாள். பிறகு நடுவில் ஓரிடத்துக்குத் திரும்பிச்சென்று மீண்டும் படித்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு காப்பி எடுக்கணும்பா" என்றாள். "நாளைக்கிக் காலைல கான்சுலேட்ல குடுத்துட்டா, பதினஞ்சாந்தேதி ஃபிளைட்டுக்குச் சரியா இருக்கும்."