தவறே நடக்காத வார்டு

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘ஜாக்கிரதை’ என்று பெயர். நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கிற அதிகாரி. ஈரத் தரை, ஆடுகிற கட்டில், கைப்பிடி இல்லாத கழிவறை என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பிலுள்ள பாத்திரத்தின் பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் மனைவியின் முகத்தையே பார்ப்பார் என்பது மைத்துனரின் கேலி.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்த யோசனை உதித்தது. தவறுகள் குறைவாகப் பதிவாகிற வார்டுக்கு மாதாமாதம் ஒரு சுழற்கோப்பை. மேலிடம் மெச்சியது. அடுத்த மாதமே தவறுகள் பாதியாயின. அதற்கடுத்த மாதம் மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. வார்டுகளில் தேவதைகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவே அவர் நம்பினார்.

அறுவைசிகிச்சை முடிந்தவர்களின் வார்டில் வாந்தியை நிறுத்துகிற மருந்தும் தசைகளைத் தளர்த்துகிற மருந்தும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே நீல மூடி. ஒரு காலைப் பரபரப்பில் மருந்து மாறியது. மறுநாள் வீட்டுக்குப் போகவிருந்த பஸ் டிரைவருக்கு மூச்சு நின்றது. மீட்டுவிட்டார்கள். ஆனால் கண்விழித்த டிரைவர், மனைவியை யாரோ பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

விசாரிக்க வந்த ‘ஜாக்கிரதை’யிடம், கட்டில் விரிப்பை இழுத்துச் செருகியபடியே பேசினார் மூத்த சிஸ்டர். போன மாதமும் இதே நீல மூடியால் மருந்து மாறி ஊசிவரை போயிருக்கிறது. கடைசி நொடியில் சிஸ்டரே பார்த்துத் தடுத்திருக்கிறார்.

“ஏன் சிஸ்டர் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா கப் போயிடும் சார். தப்பு பண்ணவளை விட்டுடுவாங்க, சொன்னவளை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. அதான் நானே ரெண்டையும் பிரிச்சு வெச்சேன். அடுத்த ஷிஃப்டுல யாரோ மறுபடி ஒண்ணாப் போட்டுட்டாங்க.”

கட்டில் கால்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தோமே, வாயடைத்து நின்றவர்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

இந்த வார்டில் இப்படி ஒரு ஆபத்து முன்பு தெரிந்ததே இல்லை என்று குடும்பத்திடம் சொல்லிவிட்டு வரும்படி மேலிடம் அவரையே அனுப்பியது. பதிவுகளின்படி அது அப்பழுக்கற்ற உண்மை.

டிரைவரின் மனைவி வராந்தா பெஞ்சில், கணவரின் காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது ஆபத்துன்னு முன்னாடியே யாருக்கும் தெரியாதா சார்?”

மேலிடத்தின் வாக்கியம் நுனிநாக்குவரை வந்து திரும்பிப் போனது.

“தெரிஞ்சிருந்துச்சும்மா. வெளியே சொல்லவிடாம பண்ணது நான்தான்.”

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திறந்திருந்த கதவு வழியே, கணவரின் பக்கத்துக் கட்டிலுக்கு மருந்துத் தட்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமேலாவது சொல்வாங்களா?”

அவர் பார்வை, வார்டு மேஜைமேல் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்த சுழற்கோப்பையில் போய் நின்றது.