குதிரைத் தீனிக்காரர்

எங்கள் ஒஹையோ ஊர் ரயிலடியில் யார் வந்து இறங்கினாலும் சரி, லெபரெக்ட் டோர்ன்புஷ் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி ஓட்ஸ் அவலை எடுத்து நீட்டிவிடுவார். "மெல்லுங்க. பேச்சு அப்புறம்." பாதிரியாருக்கும் அதே பிடிதான், பன்றி வியாபாரிக்கும் அதே பிடிதான்.

கட்டையான ஆள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். ஹானோவர் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த எங்களில் அவருக்குத்தான் பிடிவாதம் அதிகம். இந்த நாட்டில் ஓட்ஸ் குதிரைக்குப் போடுகிற தானியம். அதை மனிதனுக்குக் காலைச் சாப்பாடாக விற்கக் கிளம்பினார். தெருப் பையன்கள் கனைத்துக்கொண்டே பின்னால் ஓடுவார்கள். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அதே கனைப்பைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு அழுதுகொண்டு வந்தவன் அவருடைய ஒரே மகன் எவால்ட்.

ஆலை வளர்ந்தது. நான் செய்த பீப்பாய்களில் அவருடைய ஓட்ஸ் சிகாகோ வரை போனது. இன்ஷூரன்ஸ் எடுப்பது ஆண்டவனைச் சந்தேகிப்பது என்பார். போன வருஷம் ஆலையில் பாதி எரிந்துபோனது. திரும்பக் கட்ட வழியில்லாமல், போட்டி ஆலைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் தானும் சேர்ந்தார். அதன் செயலாளர் எவால்ட்தான். இப்போது அவன் பெயர் எட்வர்ட் புஷ்.

இனிமேல் பீப்பாய் கிடையாது, அட்டைப் பெட்டிதான் என்று முடிவாயிற்று. பெட்டியின் மேல் டோர்ன்புஷ் பெயரா, சிரிக்கிற மாலுமியின் படமா என்று கம்பெனிக் கூட்டத்தில் கேட்டபோது, மாலுமிக்கு முதலில் கை தூக்கியவன் மகன். அன்று சாயங்காலம் என் பட்டறையில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததுபோல இதைச் சொன்னார்.

"அப்பா, உங்க பேரு கடைக்காரன் வாயில நுழையாது. வாங்க வர்றவன் எப்படிக் கேப்பான்?" என்றானாம்.

"நீ சொல்லிக் குடேன். உன் பேரும் அதுதானே."

"நான் இப்ப புஷ், அப்பா."

 

திங்கட்கிழமை, தீக்குத் தப்பிய ஆலைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்த அவர் பெயரைச் சுரண்டி அழிக்க ஒருவன் வந்தான். பலத்த காற்று. ஏணி ஆடியது, மேலே ஏறியவன் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். தெருவில் நின்ற நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். டோர்ன்புஷ் உள்ளேயிருந்து வந்தார். அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழ்ப் படியில் ஒரு காலை அழுத்தி வைத்து, ஏணி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.